மாப்பிள்ளை கொடுத்த குடை

என் மனைவியின் தம்பிக்கு, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவனுக்கு, ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு எங்கள் வீட்டில் ‘அந்தாளு’ என்று பெயர். அவனுக்கு வேறு வேலையே கிடையாது. ‘நீ இருந்து என்னத்தக் கிழிச்சே, செத்துப் போ’ என்று நாள் முழுக்க மாப்பிள்ளையை நச்சரிப்பான். இன்றைக்கு இதை மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறார்கள். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். அப்போது வைத்தியர் தலைக்கு எண்ணெய் கொடுத்தார், டாக்டர் கையை விரித்தார், ஊர்க்காரர்கள் ஓசியில் யோசனை கொடுத்தார்கள்.

அதில் தலையாய யோசனை, ‘அவன் முன்னால் சாவு என்ற பேச்சையே எடுக்காதீர்கள், தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்’ என்பது. என் மனைவி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காலையில் கம்பங்கூழ் ஊற்றும்போது, வெங்காயம் வேண்டுமா என்று கேட்கிற மாதிரியே கேட்பாள்.

“அந்தாளு கூப்பிட்டானா தம்பி?”

“கூப்பிட்டான்க்கா.”

“நீ என்ன சொன்னே?”

“காப்புக் கட்டியிருக்கேன், வர முடியாதுன்னுட்டேன்.”

காப்பு விஷயம் தற்செயலாக வந்தது. திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெரு அம்மனுக்குப் பங்குனியில் திருவிழா. மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், அவிழ்க்கிற வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது, சாவு வீட்டுப் பக்கம் போகக்கூடாது. ‘சாவு வீட்டுக்கே போகக்கூடாதுன்னா நான் எப்படிச் சாகுறது?’ என்று மாப்பிள்ளை அந்தாளிடம் வாதாடியிருக்கிறான். அந்தாளும் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிட்டான். எவ்வளவு கெட்டவனானாலும் சம்பிரதாயம் தெரிந்தவன்.

என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காப்பை அவிழ்ப்பதற்குள் அடுத்த அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். சமயநல்லூரில் கட்டியபோது, எல்லை தாண்டக்கூடாதே என்று என் சித்தி வீட்டில் பத்து நாள் குடும்பத்தோடு டேரா போட்டோம். சித்தி கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டினாள்.

காப்புக் கட்டியவனை ஊரே கவனிக்கும். எங்கே போகிறான், யாரோடு போகிறான், கவிச்சி தொட்டானா என்று தெருவே அவனுக்குக் காவல் இருந்தது. இதில் நொந்துபோனவன் நான் ஒருவன்தான். காப்புக் கட்டிய வீட்டில் கறி சமைக்கக்கூடாது. ஏழு மாதம் பருப்புத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக் குழம்பு கொதிக்கும்போது, சாமியே இல்லை என்கிறவர்களோடு சேர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

ஐப்பசியில் சஷ்டிக் காப்பு. சூரசம்ஹாரம் முடிந்து அதையும் அவிழ்த்தாயிற்று. இனித் தை வரை எந்தச் சாமிக்கும் காப்பு இல்லை. மறுநாள் ஞாயிறு. நான் கறிக்கடைக்குப் பையை உதறிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சிரித்த முகமாக வந்தான். அப்படி ஒரு தெளிவை அவன் முகத்தில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“மச்சான், இந்தக் குடைய நீங்களே வச்சுக்கங்க.”

பிரம்புப் பிடி போட்ட குடை. அதன் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஐப்பசி அடைமழையில எவனாவது குடையத் தூக்கிக் குடுப்பானா? கூறு இருக்கா உங்களுக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் நேரே போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள். “தம்பி, சாகணும்னு முடிவு பண்ணிட்டியா?”

“ஆமாக்கா.” அவன் மறைக்கவே இல்லை. “காப்பு அவுத்தாச்சு. இனி அந்தாளுட்ட என்னன்னு சாக்குச் சொல்றது?” சொல்லிவிட்டு அழுதான். அவளும் அழுதாள்.

நான் நூல் ஆலைக் குமாஸ்தா, வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஒரு இழையை எடுத்து முறுக்கி, அம்மியில் ஒட்டியிருந்த மஞ்சளில் புரட்டி, அவன் மணிக்கட்டில் கட்டினேன். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

“எந்தச் சாமிக்கு மச்சான்?”

“உங்க அக்காளுக்கு.”

அவன் அக்காளை ஏற இறங்கப் பார்த்தான். துடியான தெய்வம்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

“எப்ப அவுக்கணும்?”

“இந்தச் சாமிக்கு அவுக்குற வழக்கமே இல்ல மாப்ள. ஆனா கறி திங்கலாம். திங்கலேன்னாத்தான் தெய்வக் குத்தம்.”

அன்று அவனை ஒரு நிமிஷம் தனியே விடவில்லை. கறிக்கடைக்கும் கூடவே கூட்டிப்போனேன். குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது, அப்படியே வழித்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

“கூப்பிட்டானா தம்பி?”

“கூப்பிட்டான். எங்க அக்காட்ட வந்து கேட்டுக்கன்னுட்டேன்.”

வெளியே மழை கொட்டியது. ஆலைக்குக் கிளம்பி வாசலில் குடையை விரித்தேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்து கையை நீட்டினான்.

“குடையக் குடுங்க மச்சான். கார்த்திகை வரைக்கும் விடாது போலருக்கு. எனக்கு வேணும்ல?”

கொடுத்துவிட்டுத் தொப்பலாக நனைந்துகொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலைக்குப் போனதே இல்லை.