எதிர் அணிக்காரர் பக்கம் இருந்து பார்த்த கடைசி ஆட்டம்

என் பேரன் துவாரகன் பல்கலைக்கழக அமெரிக்கன் புட்போல் அணியில் விளையாடுகிறான். இது அவனுடைய கடைசி வருடம். பருவத்துக்கு எட்டு ஆட்டங்கள், முதல் ஏழிலும் தோல்வி. எட்டாவதிலாவது வென்றால்தான் இந்தப் பருவத்துக்கு ஒரு வெற்றி. நான் போய் ஏதும் ராசியில்லாமல் போய்விடுமோ என்று தயங்கினேன்.

"அப்பப்பா, நீங்கள் வராமலே ஏழு தோத்திட்டம். வந்தால் இதைவிட என்ன கெடப்போகுது?" என்றான். போவதென்று முடிவெடுத்தேன்.

பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை காலை 9.10க்கு மோர்டனில் நோர்தேர்ன் லைன் நிலத்தடி ரயில் ஏறினேன். பாங்க் நிலையத்தில் இறங்கி, நிலத்தடிப் பாதையால் நடந்து டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்து, பார்க்கிங் நிலையம் சேர 10.35. அங்கிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம், பிறகு எட்டு நிமிட நடை. முதியோர் பாஸ் இருப்பவர்களுக்குப் பயணம் இலவசம். மைதானத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தேத்தண்ணி ஒரு பவுண் எண்பது.

ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு. ஒரு மணித்தியாலம் முந்திப் போவது என் பழக்கம். யாரும் இல்லாத மைதானத்தில் வெயில் விழுந்த கரையாகப் பார்த்து மடக்குக் கதிரையை விரித்தேன். மெல்ல ஆட்கள் வந்தார்கள். கொண்டுபோன இருபது மட்டன் ரோல்ஸைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நீட்டினேன், நல்ல வரவேற்பு. துவாரகனின் நீலச் சட்டை அணி எதிர்க் கரையில் வந்து நின்றபோதுதான் விளங்கியது, நான் சிவப்புச் சட்டைக்காரரின் குடும்பங்களுக்கு நடுவில் இருக்கிறேன். எழும்பிப் போயிருக்கலாம். ரோல்ஸ் கொடுத்துவிட்டு எப்படிப் போவது?

பக்கத்தில் இருந்த செல்வம் மலேசியத் தமிழர். அவருடைய மகன் சிவப்பு அணி. "அங்கிள், உங்க பையன் எந்த நம்பர்?" என்று கேட்டார்.

"ஐம்பத்திரண்டு," என்றேன். "அந்தப் பக்கம்."

ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்து, "பரவாயில்ல. ரோல்ஸ் எங்க பக்கம்தானே," என்றார்.

விளையாட்டை விளங்கப்படுத்தியவரும் அவரே. துவாரகன் நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பவன். கொடுத்ததும் எதிரே நிற்பவனைத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. அதன்பின், கம்பங்களுக்கு இடையால் உதைத்தால் இன்னும் ஒன்று. உதைக்காமல் மறுபடியும் கோட்டைக் கடந்தால் இரண்டு.

மணிக்கூட்டின் கடைசி வினாடியில் நீல அணி கோட்டைக் கடந்தது. 13–14, நாங்கள் ஒன்று பின்னுக்கு. உதைப்பவன் உள்ளே வந்தான். உதைத்து ஒன்று எடுத்தால் சமம்; லீக் ஆட்டத்தில் சமநிலையும் உண்டாம். ஏழு தோல்விக்குப் பிறகு அது மரியாதையான முடிவுதானே என்றேன்.

"சமமா முடிஞ்சா ரெண்டு பக்கமும் தூக்கம் வராது அங்கிள்," என்றார் செல்வம்.

அந்தப் பக்கமும் அப்படித்தான் நினைத்தது போல. பெடியள் கூடிப் பேசி, உதைப்பவனைத் திருப்பி அனுப்பினார்கள். பயிற்சியாளர் இரண்டு விரல்களைக் காட்டினார். தவறினால் எட்டும் தோல்வி.

துவாரகன் குனிந்தான். பந்து பின்னால் போனது. அவன் தள்ளினான், பந்தோடு ஒருவன் அவன் முதுகோடு ஒட்டி ஓடி வந்தான், பிறகு பத்துப் பேர் ஒரு குவியல். எனக்குச் சப்பாத்துகளின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. நடுவர் இரு கைகளையும் உயர்த்தினார். நல்லதா கெட்டதா?

"போச்சு," என்றார் செல்வம். "ஜெயிச்சிட்டீங்க அங்கிள்."

நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. சிவப்புக் கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. செல்வம்தான் முதலில் கை கொடுத்தார்.

துவாரகன் சேறும் சிரிப்புமாகக் குறுக்கே ஓடி வந்தான். "அப்பப்பா! ஏன் இங்க இருக்கிறீங்கள்? எங்கட ரோல்ஸ் எங்க?"

"முடிஞ்சுது. இவைக்குக் குடுத்திட்டன்."

"எல்லாத்தையுமா?"

"நீங்கள் வெல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்லை," என்று உண்மையைச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: அறுபது நிமிட ஆட்டம் என்றாலும் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள், மணிக்கூடு அடிக்கடி நிற்கும். தடித்த காலுறை அவசியம். உங்கள் அணி எந்தக் கரை என்று முதலே கேளுங்கள். மற்றபடி, ஒன்றா இரண்டா என்று வந்தால் நான் இன்றைக்கும் ஒன்று என்றுதான் சொல்வேன். நல்லவேளை, என்னை யாரும் கேட்கவில்லை.