பாட்டில் கழுவினதில் முளைத்த கார்பன் காடு

போன மாசி மாசம், உத்திரமேரூர் பக்கம் எங்க காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் நடந்தது. எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். நானும் காவாந்தண்டலத்திலிருந்து வரும் கிளாஸ்மேட் ஒருத்தியும் கார்பன் நானோகுழாய் வளர்க்கிற ப்ராஜெக்ட் எடுத்திருந்தோம்.

சிலிக்கான் துண்டை இரும்பு உப்புக் கரைசலில் முக்கி, உலையில் சூடாக்கினால் கண்ணுக்கே தெரியாத இரும்புத் துணுக்குகள் அதன்மேல் நிற்கும். அசிட்டிலீன் வாயுவை விட்டால், ஒவ்வொரு துணுக்கிலும் ஒரு கார்பன் குழாய் முளைக்கும். முடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு. கேட்கவே கெத்தா இருக்கில்ல?

நாலு தடவை செய்தோம். நாலு தடவையும் அடுப்புக்கரிதான் வந்தது. நான்தான் பெரிய ஆள் மாதிரி, "இரும்பு பத்தல" என்று ஒவ்வொரு தடவையும் கரைசலை இன்னும் கெட்டியாக்கினேன். ப்ராஜெக்ட் கைடு சார் கடுப்பாகிவிட்டார். வெள்ளிக்கிழமைதான் கடைசி சான்ஸ், அன்றும் குழாய் வரவில்லை என்றால் அடுத்த வருஷம் புது ப்ராஜெக்ட் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்து என் முழங்கை பட்டு, கரைசல் இருந்த பாட்டில் கவிழ்ந்தது. புதுசா கலக்க உப்பும் இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடா விஞ்ஞானி, ஒப்பாரி வெக்கிற? நேத்து பாட்டில் கழுவுனது கீது" என்றாள்.

முந்தைய கரைசல் தீர்ந்த பாட்டிலில் ஒட்டியிருந்ததை ஸ்பிரிட் விட்டு அலசி எடுத்து வைத்திருக்கிறாள். அவள் வீட்டில் மாவுப் பாத்திரம் கழுவின தண்ணியைக்கூடத் தோசைமாவிலேயே ஊற்றுவார்களாம்.

"லூசா நீ? அதுல இரும்பு எங்க கீது?"

"உன்னாண்ட வேற இன்னா கீது? பேசிக்கினு நிக்காத, முக்கு!"

முக்கினேன். உலையிலிருந்து எடுத்தபோது கரி கொட்டவில்லை. வெல்வெட் மாதிரி ஒரே கறுப்பு! சார் அதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சென்னைக்கு அனுப்பினார்.

பெருநகர் என்கிற ஊருக்குப் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது போனில் படம் வந்தது. குழாய்கள்! நாற்றங்கால் மாதிரி நெருக்கமா, நிமிர்ந்து நிற்குது! பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"இன்னா நைனா, வேல கெட்சிச்சா?" என்றார் கண்டக்டர்.

"கொழா மொளச்சிடுச்சுண்ணா!"

"எந்தத் தெருவுல?"

மறுநாள் சார் விளக்கினார். கரைசல் கெட்டியாக இருந்தால் இரும்பு ஒன்றோடு ஒன்று ஒட்டி உருண்டையாகிவிடும், குழாய் வராது. நீர்த்துப் போயிருந்ததால்தான் துணுக்குகள் பொடிசாக, தனித்தனியாக நின்றிருக்கின்றன. அவள் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினாள். நான் தரையைப் பார்த்தேன்.

இப்பவும் எது சொதப்பினாலும் இன்னும் கொஞ்சம் சேர்க்கத்தான் கை போகுது; அவள் அலசி வைத்த அந்தப் பாட்டில் ஞாபகம் வந்ததும், முதலில் குறைத்துப் பார்க்கிறேன்.