கரி பஸ்ஸில் வந்த காவடி

உலகம் கெட்டுப்போகும் என்று யுத்தம் தொடங்கும் முன்பே சொன்னவன் நான். இன்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன், நண்பர்களே.

தன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் அரக்கோணத்திலிருந்து காவடியோடு நடந்தே வருவதாக என் அக்காள் புருஷன் வேண்டிக்கொண்டிருந்தார். இன்று நம் மலையடிவாரத்தில், பெட்ரோல் பஞ்சத்தால் கரி போட்டு ஓட்டுகிற கரி பஸ்ஸிலிருந்து காவடியோடு இறங்குகிறார்!

"இன்னா பாவா, காவடிக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?"

"பாதி வழி நடந்துகினுதான் வந்தேன் மச்சான். காலு வீங்கிப்போச்சு. சாமி ஒத்துக்காதா?"

"சக்கரத்துல வந்த காவடி மலையேறக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிக்கீறாங்க. மொதல்லருந்து நடக்கணும். இல்லாங்காட்டி காய்ச்சல் திரும்பிடும்."

பூக்கடைக்காரர், மொட்டை போடுகிறவர், பண்டாரம் எல்லோரும், "ஆங், அப்படித்தாங்க" என்று தலையாட்டினார்கள்.

பாவாவின் முகம் வெளுத்துவிட்டது. காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அந்த வீங்கிய காலோடு அரக்கோணம் ரோட்டில் திரும்பி நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடி, "நில்லுங்க பாவா, சும்மா சொன்னேன்" என்றேன்.

"பெரியவங்க சொன்னதைப் பொய்யின்றியா? உன்னாலதான்டா உலகம் கெட்டுப்போச்சு" என்று திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

அப்படி எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. அந்த நிமிடம் என் வாயில் வந்தது அது. நிஜமான விதி தெரிந்தவர் உங்களில் ஒருவராவது மிச்சமிருந்தால், அரக்கோணம் ரோட்டுக்கு ஓடுங்கள்.