அவள் வரைந்த கை

என் மகள் ஒரு கிரேக்க சாமியை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். லாஸ்பேட்டையில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கொடுத்த புராஜெக்ட் அது. கிரேக்கக் கதைகளைப் படித்துவிட்டு, அவற்றில் இல்லாத ஒரு பெண் தெய்வத்தைச் சொந்தமாக எழுதி, படமும் வரைய வேண்டும். தெருவுக்கு ஒரு அம்மன் இருக்கிற ஊரில் இதென்ன கூத்து என்று முணுமுணுத்தேன்.

"அந்த ஊர்ல செத்தவங்க வாயில காசு வைப்பாங்களாம்மா. ஆத்தைத் தாண்ட படகுக்காரனுக்குக் கூலியாம். பொணம் கெடைக்காதவங்க தாண்ட முடியாம கரையிலயே நிப்பாங்களாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் அப்பா மீன்பிடிக்கப் போய் நான்கு வருடம். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன், தாலியைக் கழற்ற மாட்டேன் என்று குப்பத்துப் பெரியவர்களோடு மல்லுக்கு நின்று, மகளைக் கூட்டிக்கொண்டு டவுன் பக்கம் சாரம் பகுதிக்குக் குடிவந்தவள் நான். அவர் வருவார் என்பதைத் தவிர என் வீட்டில் வேறு பேச்சுக்கு இடமில்லை. போன அன்றைக்கு என்னோடு வாய்ச்சண்டை. ஊற்றி வைத்த கஞ்சியைத் தொடாமலே போனார். இன்றைக்கும் என்னை அறுப்பது அதுதான்.

மறுநாள் சாயங்காலம் படத்தை நீட்டினாள். கிரேக்கத்து உடுப்பு, கொண்டையில் நம்மூர் மல்லிகைப்பூ, அலைமேல் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. மடியில் ஓர் ஆண். 'கடலில் போனவர்களுக்கு வாய்க்கரிசி போடும் தேவி. இவள் போட்டுவிட்டால் அவர்கள் கரையில் காத்து நிற்க வேண்டாம்' என்று கீழே எழுதியிருந்தது. அந்த ஆணின் வலது தோளில் அவள் அப்பாவின் வெட்டுத் தழும்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு! கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இன்னாடி வரைஞ்சிருக்கே? சோறு ஊட்டுற மாதிரி இருக்கு கை. வாய்க்கரிசியைப் பொறங்கையாலதான் போடணும்."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் எங்க பார்த்தேன்?" என்று விசும்பினாள்.

அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நான்கு வருடமாக ஊரே கேட்டும் சொல்லாததைப் பெற்ற மகளிடம் சொல்லிவிட்டிருந்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். இத்தனை நாள் எனக்குப் பயந்து அடக்கி வைத்திருந்தாள், பாவி.

விடிந்ததும் முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டு இருவரும் கடலுக்குப் போனோம். நான் சொல்லிக்கொடுத்தபடி அவள் முதலில் புறங்கையால் போட்டாள். அடுத்தது நான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அரிசியை அள்ளினேன். கை திரும்ப மாட்டேன் என்றது.

"கஞ்சி குடிக்காம போயிட்டீங்களே" என்றேன். அவருக்கு ஊட்டுவதுபோலவே போட்டேன்.

கரையேறியதும் மகளிடம் சொன்னேன்: "படத்துல அந்தக் கையை மாத்தாத."