தீ இல்லாத அடுப்பு

என் தம்பி பொண்டாட்டியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘காஜா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்கடையில் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டையைக் கத்தரித்து, ஓரம் பிரியாமல் நூலால் கட்ட வேண்டும். மெஷினில் போடுகிற காஜா நாலு தடவை துவைத்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இவள் எடுத்தது சட்டை கந்தலானாலும் கெட்டியாக இருக்கும். “துணி போனா போகுது, காஜாவை மட்டும் அறுத்து வெச்சுக்குங்க” என்று கடை மாஸ்டர் வாடிக்கையாளர்களிடம் கேலி பண்ணுவார்.

நான் பக்கத்துக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சூட்டோடு குடித்தனம் நடத்தி நடத்தி எனக்கும் உடம்பெல்லாம் சூடு. கோபம் மூக்குக்கு மேல் வரும். அவள் எனக்கு நேர்மாறு. எதற்கெடுத்தாலும் “இருக்கட்டும் அண்ணி” என்பாள். டீ ஆறிப்போச்சேடி என்றால் இருக்கட்டும். உன் செருப்பை எவளோ மாட்டிக்கிட்டுப் போயிட்டாளே என்றால், “இருக்கட்டும் அண்ணி, அவளுக்கும் கால் இருக்குல்ல.”

அவளிடம் எனக்கு ஆகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். புருஷனுக்கு அவள் கொடுத்த மரியாதை. “எங்கடி அந்தப் படுபாவி, வந்தானா?” என்று நான் கேட்டால், “அவரு இன்னும் வரல அண்ணி” என்று திருத்துவாள். உதடு கிழிந்து வீங்கியிருக்கும்போதும் அவருதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தம்பி லாரிக்கு டயர் கழற்றி மாட்டுகிறவன். இரும்பு லீவரைப் போட்டு நெம்பி நெம்பிக் காய்த்துப்போன கை. அந்தக் கையால்தான் அவளை அடிப்பான். குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். தண்ணீர் சூடாக இருந்தது என்று ஒரு நாள் சொம்பாலேயே முகத்தில் இடித்துப் பல்லைப் பெயர்த்தான். கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வாய் கூசும். நான் போய்ச் சண்டை போட்டால், நான் திரும்பிப் போன பிறகு அதற்கும் சேர்த்து அவளுக்கு விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

“ஊரான் சட்டைக்கெல்லாம் காஜா எடுக்குறே, கட்டினவன் சட்டை பிளந்துக்கிட்டு நிக்குது!” என்று அவளைத் தலைமுடியோடு சமையலறைக்கு இழுத்துப்போனான். காஸ் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டான். “எந்தக் கையிலடி ஊசி புடிப்பே? காட்டு!”

அந்த நேரத்திலும் அவளுக்கு மூளை வேலை செய்திருக்கிறது பாருங்கள். இடது கையை நீட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், பொண்டாட்டி எந்தக் கையில் தைக்கிறாள் என்று அந்தத் தடியனுக்குத் தெரியாது. அந்தக் கையைப் பிடித்துத் தீயில் வைத்தான். அவள் அலறியது என் கடை வரைக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கட்டுப் போடுகிற நர்ஸம்மா கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற என் தம்பியைப் பார்த்தார்.

“பட்டுச்சா, வெச்சாங்களா?”

“பட்டுச்சு” என்றாள் அவள். “அடுப்புல கை பட்டுடுச்சும்மா.”

“வெச்சான்னு சொல்லித் தொலைடி” என்று நான் அவள் காதில் பல்லைக் கடித்தேன். அவள் நல்ல கையால் என் தொடையைக் கிள்ளி, “அவரு நிக்கிறாரு அண்ணி” என்று முணுமுணுத்தாள். நர்ஸம்மா பெருமூச்சு விட்டுக் கட்டைச் சுற்றினார்.

புண் ஆறியது. இடது கையில் இரண்டு விரல் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. துணியைத் தொடையில் வைத்து முழங்கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் பழையபடி காஜா எடுக்க ஆரம்பித்தாள். அதை ஒரு நாள் என் தம்பி கடைவாசலில் நின்று பார்த்துவிட்டான். ஏமாந்துபோனது அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து சண்டை வந்தாலே காஸ் குமிழைத் திருகி, “இந்தத் தடவை அந்தக் கை, தெரியும்ல?” என்பான்.

“என் வீட்டுக்கு வந்துடு” என்றேன்.

“கதவை உடைப்பாரு அண்ணி. உங்களையும் அடிப்பாரு. இந்தக் கை இருந்தா நான் எங்க போயும் பொழைச்சுக்குவேன். முதல்ல கையைக் காப்பாத்தணும்.” அப்புறம் கொஞ்சம் யோசித்துக் கேட்டாள். “தீயே இல்லாத அடுப்பு இருக்காமே, கரண்டு அடுப்பு?”

மறுநாளே கடைக்குப் போனோம். விற்கிற பையன் பளபளவென்று ஒரு இன்டக்‌ஷன் அடுப்பை முன்னால் வைத்தான். பொத்தானே இல்லை, கண்ணாடியைத் தொட்டாலே போதும் என்றான். அவள் தொட்டாள். வெந்து தடித்த விரலை அது கண்டுகொள்ளவே இல்லை. நான் தொட்டதும் ‘கீ’ என்றது. “பார்த்தீங்களா அண்ணி, இதுக்கும் என்னைக் கண்டா இளக்காரம்” என்று சிரித்துவிட்டு, அழுத்துகிற பொத்தான் வைத்ததை எடுக்கச் சொன்னாள். கனமான பாத்திரம் தாங்குமா, ஒயர் தடிமனா, வீட்டில் இருக்கிற பெரிய பிளக்கில் மாட்டலாமா என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு அடுப்பு வாங்குவதற்குள் அந்தப் பையன் வேர்த்துப்போனான்.

“தீ கிடையாதுக்கா. பாத்திரம்தான் சூடாகும். கையை வைங்க, சுடாது.”

“பாத்திரம் வைக்காம போட்டா?”

“கத்தும். கொஞ்ச நேரம் கத்திட்டுத் தானா நின்னுடும்.”

“எங்க, போடுங்க.” அது கத்தியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “இன்னொரு தடவை போடுங்க” என்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: “பாத்திரத்தை இறக்கின உடனே கை வெச்சா?”

பையன் தலையைச் சொறிந்தான். “அப்போ தொடாதீங்கக்கா. பாத்திரத்தோட சூடு கண்ணாடியில ஏறியிருக்கும்ல. அது பொசுக்கிடும்.”

தையல்கடையில் கீழே சிந்துகிற குண்டூசிகளைப் பொறுக்க லாடம் மாதிரி ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். அதை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வீட்டுப் பாத்திரங்களின் அடியிலெல்லாம் ஒட்டிப் பார்த்தாள். காந்தம் ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சூடேறும். அலுமினியம் எல்லாம் தோற்றது. அடி நெளிந்த சட்டியை அவளே தள்ளினாள். இரண்டு எவர்சில்வர் பாத்திரமும், கட்டைப்பிடி போட்ட ஒரு இரும்புச் சட்டியும் தேறின. இரும்புச் சட்டியிலிருந்து காந்தத்தைப் பிடுங்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

காஸ் சிலிண்டரை நான் கிளப்பிக்கொண்டு போனேன். “எங்க வீட்டுல காஸ் தீந்துடுச்சுடா, புதுசு வந்ததும் தர்றேன்” என்று தம்பியிடம் சொன்னேன். புதுசு வரவே இல்லை. வரவிடுவேனா நான்!

பால் பொங்கினால் பொத்தானை அழுத்திய மறுகணம் அடங்கிவிடுகிறது என்று குழந்தை மாதிரி வந்து சொல்லுவாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடுப்பு மாறியதே தவிர அவன் மாறவில்லை. பெல்ட்டால் அடித்தான். கதவிடுக்கில் காலை வைத்து நசுக்கினான். ஒரு நாள் வெறி முற்றி அவளுடைய வலது கையைப் பிடித்து அந்த அடுப்புக் கண்ணாடியில் வைத்து அமுக்கி, பொத்தானைத் தட்டினான். பாத்திரம் இல்லையே! அது கீ கீ என்று கத்திவிட்டு நின்றது. மறுபடி தட்டினான். மறுபடி கத்தியது. அவனும் கத்த, அடுப்பும் கத்த, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லையாம். அந்தச் சிரிப்புக்கு வயிற்றில் உதைத்தான்.

“சே, கத்தினா சூடே வராத அடுப்பு. இதெல்லாம் ஒரு அடுப்பா?” என்று டயர்க்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. தையல்கடை மாஸ்டர் டீக்கடையில் என் தம்பியைப் பார்த்து, “உன் வீட்டுக்காரி வலது கைக்குத் தங்கக் காப்பு போடணும்பா” என்றிருக்கிறார். நல்ல மனுஷன், புகழ்ந்துதான் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒருத்தன், “சம்பாதிக்கிற கை, பத்திரமா பாத்துக்கோடா” என்று சிரித்திருக்கிறான். அது போதாதா அவனுக்கு?

நான் தேய்த்த சட்டைகளைக் கொடுக்கப் போனேன். வாசலிலேயே காய்ந்த இரும்பு வாடை அடித்தது. உள்ளே அடுப்பின் மேல் அந்த இரும்புச் சட்டி, உள்ளே ஒரு சொட்டு தண்ணீர் இல்லாமல் புகைந்துகொண்டிருந்தது. இந்த முறை என் தம்பி புத்திசாலியாகிவிட்டான். பாத்திரம் இருந்தால் சூடாகும் என்று கண்டுபிடித்துவிட்டான். இடது கையால் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, சட்டி காய்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். அவள் முகம் சுவரில் இடித்து ரத்தமாக இருந்தது.

“விடுடா நாயே!” என்று பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் என் வாயில் இடித்தான். தாடை கழன்ற மாதிரி இருந்தது. நான் பாத்திர அலமாரியோடு சேர்ந்து விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. என் கண் முன்னால் அந்தக் கையைச் சட்டிக்குள் இறக்கப் போனான்.

“இருக்கட்டும்”னு விடுகிற ஆளா அவள், இந்த விஷயத்தில்? காலைச் சுவரில் உதைத்து ஊன்றி, இடது கையைச் சட்டியின் கட்டைப்பிடியில் மாட்டினாள். நீட்ட முடியாமல் மடங்கிப்போன அந்த இரண்டு விரலும் கொக்கி மாதிரி அதில் சிக்கின. ஒரே இழு. சட்டி அடுப்பை விட்டுப் பறந்து தரையில் விழுந்து உருண்டது.

அடுப்பு கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

என் தம்பியின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கத்தல் கேட்டதும் அவன் நிம்மதியாகிவிட்டான். கத்தினால் சூடு இல்லை, அதுதானே அவன் பாடம்? அவளை விடாமல் பிடித்துக்கொண்டே, கீழே கிடந்த சட்டியைக் காலால் எட்டி இழுப்பதற்காக வலது உள்ளங்கையை அந்தக் கண்ணாடி மேல் ஊன்றி, உடம்புப் பாரத்தையெல்லாம் அதன் மேல் போட்டுச் சாய்ந்தான்.

இஸ்திரி போடுகிறவளுக்குத் துணி தீய்ந்த வாடை தெரியும். இது அந்த வாடை இல்லை. அவன் போட்ட சத்தத்தில் அடுப்பு கத்தியது காதில் விழவில்லை. கையைப் பிடுங்கினபோது தோல் பாதி கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவனுடைய இடது கை அவளைத் தானாக விட்டது.

அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் துடித்துக்கொண்டிருந்தவனை இழுத்துக் குழாயடியில் உட்காரவைத்து அந்தக் கை மேல் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. நானாக இருந்தால் திறந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸம்மா. அவன் கையைப் பார்த்தார்.

“பட்டுச்சா, வெச்சாங்களா?”

என் தம்பி எங்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் முழுசையும் சொல்ல வேண்டுமே. “பட்டுச்சும்மா” என்றான். “அடுப்புல கை பட்டுடுச்சு.”

நர்ஸம்மா தலையை நிமிர்த்திப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். உடைந்த முகத்தைப் பார்த்தார். மடங்கின விரல்களில் வந்து அவர் கண் நின்றது.

“நீ முன்னாடி வந்திருக்கேல்ல? உனக்கு அன்னிக்கு எப்படி ஆச்சு? பட்டுச்சா, வெச்சாங்களா?”

“அவளை எதுக்கு இப்போ...” என்று என் தம்பி ஆரம்பித்தான். “ஏய், வெளிய போய் நில்லுடி.”

எனக்கு வாய் வீங்கி, பேச்சே வரவில்லை. பிறந்ததிலிருந்து அன்று ஒரு நாள்தான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் வெளியே போகவில்லை.

“வெச்சான்” என்றாள்.

நர்ஸம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. “என்னம்மா?”

அவள் மடங்கின விரலாலேயே அவனைக் காட்டினாள். “இவன்தான் வெச்சான்” என்று இந்த முறை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.