போன் எடுத்தவள்

புது பிரேக் மாட்டும்வரை எந்த லிஃப்டும் ஓடக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. பிரேக்குகள் வந்து லிஃப்ட் கம்பெனி வாசலில் மலையாகக் குவிந்தன. மாட்டத் தெரிந்தவர்களைத்தான் விரல்விட்டு எண்ணலாம்.

அவளுக்கு மாட்டத் தெரியும். அந்த வேலைக்கென்றே படித்துத் தேறி வந்தவள். பொம்பளைக்குக் கிரீஸும் கம்பியும் எதற்கு என்று மேனேஜர்தான் அவளை வருஷக்கணக்கில் புகார் போன் எடுக்க உட்கார்த்தி வைத்திருந்தார். இப்போது அவரே அவள் மேஜைமுன் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்த ஒரு மாசம் மட்டும் நீயும் பிரேக் மாட்டப் போயேன்."

"மாசம் முடிஞ்சா?"

"பழையபடி போன்தான்."

"அப்ப நான் போனே எடுக்கிறேன் சார். நிரந்தரமா மெக்கானிக்னு ஆர்டர் குடுங்க, இப்பவே கிளம்புறேன்."

பக்கத்தில் போன் விடாமல் அடித்தது. மேனேஜர் தலையைச் சொறிந்தார். "உன் வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா?"

"அவர் ஆபீஸ் எட்டாவது மாடி சார். ஒரு வாரமா படி ஏறுறார். என் கால்லயே விழுவார்."

மேனேஜரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆர்டர் கைக்கு வந்ததும் அவள் பிரேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் ஒரு பெரிய கட்டடத்தில், புது பிரேக் போட்ட லிஃப்டின் கூரைமேல் நின்றபடி அவள் மெல்ல மேலேறினாள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். லிஃப்ட் கப்பென்று நின்றது. மாடிக் கதவுக்கு அப்பால் காத்திருந்த கூட்டம் கைதட்டியது.

"மெக்கானிக் எங்கப்பா?" என்றது ஒரு குரல்.

"நான்தாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, திறக்கப் போறேன்."