விசிறி நிற்கும்வரை

அக்டோபரில் மூடிய கறுப்பு உறையை லோவெல் க்ராப் ஏப்ரல் வரை கழற்றவில்லை. உறைக்குள் இருந்தது அவருடைய பெல்லட் அடுப்பு. சமையலறைச் சுவரை ஒட்டி, தாழ்வாரக் கூரைக்கு அடியில் அது நின்றது. குளிர்காலம் முழுக்க மழை சாய்ந்து அடித்தது. உறையின் மடிப்புகளில் தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, ஒரு மூலையில் சிலந்தி வீடு கட்டியிருந்தது. அவர் தினமும் ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்தத் தெருவில் வேறு யாராவது இப்படி விட்டிருந்தால் லோவெல் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டிருப்பார். "பெட்டியில பெல்லட்டை அப்படியே வச்சுட்டு மூடிட்டியா? இந்த ஊர் மழைக்கு அது கஞ்சியாயிடும்ப்பா." கேட்பதோடு நிற்கமாட்டார். மறுநாள் காலை சாம்பல் உறிஞ்சும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். பாதி வீடுகளின் அடுப்புகளுக்கு அவர்தான் வைத்தியர். கூலியாக யாராவது ஒரு டப்பா ஹேசல்நட் கொட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

அவர் வேலை பார்த்ததெல்லாம் ஒரு புல்விதைக் கிடங்கில். அந்த ஊர் இருக்கும் வில்லாமெட் பள்ளத்தாக்கில் கோடையில் வயல்கள் காய்ந்ததும் லாரி லாரியாக விதை வந்து இறங்கும். அதைக் குழியிலிருந்து மேலே ஏற்றுவது இரும்புக் குழாய்க்குள் சுழலும் நீண்ட திருகு. திருகு நின்றால் கிடங்கு நின்றது. அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் லோவெல்லின் வேலை. ஓய்வு பெற்றபோது வாங்கிய பெல்லட் அடுப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"வெல்டா, இங்க வந்து பாரேன். எவனோ நம்ம கிடங்கைச் சுருக்கி, சக்கரம் மாட்டி வித்திருக்கான்."

உண்மைதான். ஒரு பக்கம் பெட்டி. அதில் மரத்தூளை அழுத்திச் செய்த பென்சில் கனத் துண்டுகள், அவைதான் பெல்லட். பெட்டிக்கு அடியில் கை நீளத் திருகு. அது துண்டுகளை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டுபோய் நடுவில் இருக்கும் இரும்புக் கிண்ணத்தில் போடும். கிண்ணத்தில் தீ. விசிறி ஊதும், புகையும் சூடும் கறியைச் சுற்றி வரும். எவ்வளவு சூடு வேண்டும் என்று குமிழைத் திருப்பிவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அணைப்பதில்தான் சூட்சுமம். குமிழை அணைக்கும் இடத்துக்குத் திருப்பினால் திருகு நின்றுவிடும், விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் துண்டுகள் எரிந்து தீரும்வரை ஓடும். அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் கனல் சாகாது. பின்பக்கமாகத் திரும்பி, திருகின் வழியாகப் பெட்டியை நோக்கி ஊர ஆரம்பிக்கும்.

"விசிறி நிக்கிற வரைக்கும் நீயும் நில்லு" என்பார் எல்லோரிடமும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பக்கத்து வீட்டு எஃப்ரயின், பெரியவர் என்ற மரியாதைக்கு 'டான்' சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டே கேலி செய்வான்.

"டான் லோவெல், உங்க அடுப்புக்குத் தாலாட்டு வேற பாடணுமா? என் கரியடுப்பு பாருங்க. தண்ணியை ஊத்தினா தூங்கிடும்."

எஃப்ரயின் ஹேசல்நட் தோப்புகளில் டிராக்டர் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை மெஸ்கீட் மரக்கரியில் மாட்டிறைச்சியை வாட்டிச் சுடுவான். பிளக் வைத்த அடுப்பில் சமைப்பது ரொட்டி டோஸ்டரில் கறி சுடுவதற்குச் சமம் என்பது அவன் கட்சி. "கரண்ட் போனா பட்டினிதானே?" என்பான். "உன் கறியில பாதி கரி, மீதி பாதி பச்சை. வாயைத் திறக்காதே" என்பார் லோவெல். பேச்சு முடியும்போது வேலிக்கு மேலே இரண்டு பக்கமும் தட்டுகள் கைமாறியிருக்கும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் விருந்தாளிகள் வருவதாக இருந்ததால், லோவெல் பன்றித் தோள்கறி ஒன்றை விடியுமுன்பே அடுப்பில் ஏற்றியிருந்தார். மதியத்துக்கு மேல் அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி மறுபடி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வெல்டா அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு அவள் வலது கையிலிருந்து நழுவியது. அதைப் பார்த்து அவள் ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது லோவெல் பின்னால் ஓடினார். தாழ்வாரத்தைக் கடந்தபோது அடுப்பு ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. குனிந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வெல்டாவுக்கு நடை திரும்பியது, கைத்தடியோடு. பேச்சு திரும்பியது, சொல் சொல்லாக. விழுங்குவதுதான் திரும்ப மறுத்தது. தண்ணீர்கூடப் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்றார்கள். தண்ணீரில் மாவு கலந்து கூழாக்கிக் கொடுத்தார் லோவெல். காரட், ஓட்ஸ், கோழி எல்லாவற்றையும் அரைத்துக் கொடுத்தார். நிறத்தை வைத்துத்தான் எது எது என்று சொல்ல முடியும். வெல்டா பாதியிலேயே கரண்டியை வைத்துவிடுவாள். உடம்பு துணி தொங்கும் கம்பி போலாகிவிட்டது. எடை இப்படியே இறங்கினால் வயிற்றில் குழாய் போடவேண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஏப்ரலில் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண் மறுபடி சோதித்துப் பார்த்தாள். மெத்தென்று வெந்ததை, பொடிப் பொடியாக நறுக்கி, சாறு விட்டு ஈரமாகக் கொடுக்கலாம், களைத்திருக்கும்போது மட்டும் வேண்டாம் என்றாள். "நார் இருக்கக் கூடாது. முக்கியமா, அவங்களுக்கே சாப்பிடணும்னு தோணற எதையாவது குடுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் லோவெல் கேட்டார். "என்னம்மா வேணும்? மீனா? முட்டையா?"

வெல்டா ஜன்னல் வழியாகப் பச்சை வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வார்த்தை கிடைக்க நேரமானது.

"அன்னிக்கு... வச்சியே. தோள்கறி."

"அதுவா?"

"எனக்கு... இன்னும் வரல."

லோவெல் சிரித்தார். ஆனால் அந்தக் கறி இன்னும் அடுப்புக்குள்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அடுப்பின் மேல் உறை போட்டிருந்தது. தானே போட்டிருப்போம், நினைவில்லை என்று விட்டுவிட்டார். அதன்பிறகு உள்ளே கிடப்பதைப் பார்க்க மனம் வரவில்லை. வருகிறவர்களுக்கென்று காகிதத்தில் சுற்றி வைத்த கறி. அவள் தட்டு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வெந்துகொண்டிருந்த கறி.

மறுநாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் குப்பைப் பையோடு உறையைக் கழற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

உள்ளே ஒன்றுமில்லை.

கம்பித் தட்டுகள் தேய்த்துக் கழுவி அடுக்கியிருந்தன. கொழுப்பு வடியும் தகடு துடைத்திருந்தது. லோவெல் துணியை அவிழ்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு பெட்டியைத் திறந்தார். அங்கே பெல்லட் இல்லை, கல் இருந்தது. துண்டுகளெல்லாம் ஊறி உப்பி, ஒன்றோடொன்று கலந்து, காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தன. மழைதான் என்று முதலில் நினைத்தார். மழையென்றால் ஓரத்தில்தான் நனைந்திருக்கும். இது மேலிருந்து கொட்டிய தண்ணீர்.

பெட்டியைத் தனியாகக் கழற்றி உளியால் கல்லைப் பெயர்த்தார். திருகைச் சுற்றும் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் தப்பை அவர் செய்யவில்லை. இறுகிய திருகை மோட்டாரால் சுற்றினால் நடுவிலிருக்கும் சின்ன ஊசி ஒடிந்துபோகும். ஊசியை உருவி, மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து வெல்டாவின் முடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்து குழாய்க்குச் சூடு காட்டினார்.

ஜன்னலில் வெல்டாவின் முகம் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினாள்.

"என்... ட்ரையர்."

"வேற வாங்கித் தர்றேன்!"

"அதுக்கு... முடி இருக்கா?"

தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே லோவெல் அடுப்பைப் பார்த்தார். "தாடி முளைச்சிருக்கு உள்ளே!"

ஈரம் போனதும் மரச்சுத்தியால் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே, குறடால் திருகைப் பின்பக்கமாக ஒரு பல் ஒரு பல்லாகத் திருப்பினார். சாயங்காலம் அது வெளியே வந்தது. புல்வெளியில் கிடத்தி, முழங்காலிட்டுப் பார்த்தார்.

திருகின் மடிப்புகளில் பெல்லட் ஒட்டியிருந்தது. கிண்ணத்துப் பக்கம் கன்னங்கரேல். நடுவிலும் கறுப்பு. பெட்டியைத் தொடும் முனைக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பழுப்பு. தீ அவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறது. இன்னும் ஒரு விரல் போயிருந்தால் பெட்டி நிறையப் பெல்லட். பெட்டிக்கு மேலே கூரை. கூரைக்குப் பின்னால் சமையலறை.

தெருவுக்கெல்லாம் சொல்லிவைத்ததைத் தானே செய்திருக்கிறார்.

"டான் லோவெல்." வேலிக்கு அந்தப் பக்கம் எஃப்ரயின் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "பிரிச்சுட்டீங்களா?"

"நீதான் தண்ணி ஊத்தினியா?"

"ஹோஸ் பைப்பைத் திறந்து விட்டேன். பெட்டி மூடியிலேருந்து மஞ்சளா புகை வந்துச்சு. எனக்கு வேற என்ன தெரியும்? கரியடுப்புக்காரன். ஊத்தினா தூங்கிடும்னு நினைச்சேன். மறுநாள் பார்த்தா கஞ்சியாயிருக்கு. உங்க அடுப்பைக் கொன்னுட்டேன்னு தெரிஞ்சு போச்சு."

"ஏன்யா சொல்லல?"

எஃப்ரயின் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "ஆஸ்பத்திரியிலேருந்து நீங்க வந்து இறங்கினீங்களே, அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு என்னத்தைச் சொல்றது? 'வீடு எரிய இருந்துச்சு'ன்னா? 'அடுப்பு போச்சு'ன்னா? அதான் சொல்லல. கழுவி, உறையை முன்னாடியே போட்டு வச்சிருந்தேன்."

லோவெல் திருகைப் புல்லிலிருந்து கையில் எடுத்தார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"கறி?"

"கறியா?" எஃப்ரயினின் காது சிவந்தது. "அது முக்கால்வாசி வெந்திருந்துச்சு. என் அடுப்புல வச்சு முடிச்சேன். நீங்க வருவீங்கன்னு எடுத்துவச்சோம். ரெண்டு நாள் வச்சிருந்தோம். அப்புறம்..."

"அப்புறம்?"

"சாப்பிட்டுட்டோம். சோள ரொட்டியில மடிச்சு, டாக்கோ போட்டு." குரலைத் தாழ்த்தினான். "நல்லாத்தான் இருந்துச்சு. இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஜன்னல் திறந்திருந்திருக்கிறது. உள்ளேயிருந்து வெல்டா சிரிக்கும் சத்தம் கேட்டது. பழைய சிரிப்பு இல்லை, கொஞ்சம் கோணல், ஆனால் சத்தமான சிரிப்பு. அக்டோபருக்குப் பிறகு லோவெல் அதைக் கேட்கவில்லை.

"திருடன்!" என்றாள் வெல்டா. ஒரே மூச்சில், தடங்கலில்லாமல் வந்தது.

அடுத்த சில நாட்கள் லோவெல் அடுப்போடு கிடந்தார். குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். தீக்கிண்ணத்தின் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். சூடு அளக்கும் கம்பியின் மேல் படிந்த கரியைத் துடைத்தார். அது அழுக்காக இருந்தால் அடுப்பு தன்னைத்தானே தப்பாகப் புரிந்துகொள்ளும். பற்றவைக்கும் கம்பி தண்ணீரில் செத்திருந்தது, புதிது போட்டார். மோட்டாரை நிழலில் காயவிட்டு மாட்டினார். வெறும் அடுப்பை ஒருமுறை எரித்துப் பார்த்து, புகை வெள்ளையிலிருந்து மெல்லிய நீலமானதும்தான் நிமிர்ந்தார்.

சனிக்கிழமை விடியுமுன் தோள்கறி ஏறியது. ஆப்பிள் மர பெல்லட். உப்பும் மிளகும் பழுப்புச் சர்க்கரையும் மட்டும். காலை முழுக்கக் கறியின் சூடு ஒழுங்காக ஏறி வந்தது. பிறகு நின்றது. எப்போதும் நிற்கும் இடம்தான். கறி வியர்த்து வியர்த்துத் தன்னையே குளிரவைத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் குழந்தை போல உட்கார்ந்துவிடும். இந்த முறை அதிக நேரம் உட்கார்ந்தது. மதியம் தாண்டியது. சாயங்காலமானால் வெல்டா களைத்துவிடுவாள், களைத்தால் கொடுக்கக் கூடாது. குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் நேரத்துக்கு முடியும். ஆனால் உள்ளே நார் கரையாது. நார் இருந்தால் அவள் தொண்டையில் நிற்கும்.

லோவெல் குமிழில் கைவைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார்.

"வேகலியா?" ஜன்னலில் வெல்டா.

"வேகுது. லேட்டாகும் போல. நீ களைச்சுடுவேம்மா. நாளைக்கு வச்சுக்கலாமா?"

வெல்டா கொஞ்சம் யோசித்தாள். "போய்... தூங்கறேன். எழுப்பு."

"ரொம்ப நேரமாகும்."

"கையை... எடு." அவர் கை குமிழில் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

அவர் எடுத்தார். கறியைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் சாயத் தொடங்கும்போது கம்பியைக் குத்திப் பார்த்தார். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஐஸ் போடாத காலி ஐஸ் பெட்டிக்குள், பழைய துவாலைகளைச் சுற்றி அதை ஆறப்போட்டார். எலும்பு தொட்டதும் கையோடு வந்தது. கரகரப்பான மேல்பட்டையை ஒதுக்கினார், அதை எஃப்ரயின் வேலிக்கு மேலே கை நீட்டி வாங்கிக்கொண்டான். உள்கறியை எடுத்து, நாருக்குக் குறுக்கே கத்தி போட்டு, அரிசி அரிசியாக நறுக்கினார். காகிதத்தில் தேங்கிய சாற்றை ஊற்றிக் கிளறினார்.

தூங்கி எழுந்த வெல்டா, கன்னத்தில் தலையணைக் கோடு அழுந்தியிருக்க, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையால் கால் கரண்டி எடுத்தாள். மென்றாள். கண்ணை மூடி, சொல்லிக்கொடுத்தபடி தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தினாள். லோவெல் அவள் தொண்டையையே பார்த்தார். அது ஏறியது. நின்றது. இறங்கியது. அவர் காத்திருந்தார். இருமல் வரவில்லை.

வெல்டா கண்ணைத் திறந்தாள்.

"உப்பு," என்றாள், "கம்மி."

லோவெல் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். உப்பு எடுக்க என்று அவளிடம் சொன்னார். உப்பு மேசையிலேயே இருந்தது.

வெளியே அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குமிழை அணைக்கும் இடத்துக்குத் திருப்பினார். திருகு நின்றது. விசிறி ஓடியது. அவர் நின்றார். உள்ளேயிருந்து டிங், டிங் என்று சத்தம். வெல்டா கரண்டியால் தட்டைத் தட்டுகிறாள்.

"லோவெல். இன்னும்."

"வர்றேன்! இது அணையட்டும்!"

"பசிக்குது!"

வேலிக் கதவு திறந்தது. எஃப்ரயின் விரல்களை நக்கிக்கொண்டே வந்து அடுப்புக்கு முன்னால், பிளக்குக்கும் அவருக்கும் நடுவில் நின்றான்.

"நீங்க உள்ள போங்க, டான் லோவெல். விசிறி நிக்கிற வரைக்கும் நான் நிக்கிறேன்." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "சத்தியமா தண்ணி ஊத்தமாட்டேன்."